ஓராண்டு ஹாஸ்டல், ஈராண்டு மின்சார ரயில்

நான் படித்த கல்லூரியிலேயே சித்தி மகளுக்கு பி.எஸ்சி. சீட் கிடைத்திருக்கிறது. சித்தி வீடு மறைமலைநகரில். எங்கள் வீடு அடுத்த ஸ்டேஷன், சிங்கப்பெருமாள் கோயில். "திங்கக்கிழமைக்குள்ள ஹாஸ்டல் பீஸ் கட்டணுமாம்டி. கட்டட்டுமா, இல்ல உன்ன மாதிரி ட்ரெயின்லயே அனுப்பட்டுமா?" என்று நேற்று போன் செய்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2022இல் சேர்ந்தேன். முதல் வருடம் ஹாஸ்டல், அடுத்த இரண்டு வருடம் வீட்டிலிருந்து போய் வந்தேன். அறைக்கு எத்தனை பேர், சாம்பார் எப்படி இருக்கும், காலை வண்டியில் எவ்வளவு கூட்டம் என்பதெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என்னால் மறக்க முடியாதது ஒரு கேட்.

எங்கள் ஹாஸ்டல் வாசலில் ஒரு கம்பிக் கதவு உண்டு. மாலை ஆறே காலுக்குப் பூட்டுவார்கள். கல்லூரி நூலகம் ஏழரை வரை திறந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வேப்பமரம், ஒரு சைக்கிள் ஸ்டாண்ட், நிதானமாக நடந்தால் மூன்று நிமிடம். நாலரைக்கு லேப் முடிந்து, முகம் கழுவி, டீ குடித்துவிட்டு நூலகத்தில் உட்கார்ந்தால் ஐந்தேகால் ஆகிவிடும். ஆறு மணிக்கே மனம் கடிகாரத்துக்குப் போய்விடும். வெளியே எடுத்துப்போக முடியாத புத்தகங்கள் எல்லாம் எனக்கு முக்கால் மணி நேரப் புத்தகங்கள். பையன்கள் ஹாஸ்டலில் ஒன்பது மணி வரை வரலாம். ஆறே காலுக்குப் பிறகும் நூலகத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் யார் என்று பார்த்தால் அத்தனை பேரும் டே ஸ்காலர்கள்! ஊரப்பாக்கத்துக்கும் திருநின்றவூருக்கும் போக வேண்டியவர்கள் உட்கார்ந்து படிக்க, மூன்று நிமிட தூரத்தில் இருக்கும் நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

ஒருநாள் ஏழு நிமிடம் தாமதம். துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி, "இனி இவ்வாறு நடக்காது" என்று கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அது கூடப் பரவாயில்லை. ஷிப்டில் இருந்த அப்பாவுக்கு போன் போட்டு, "உங்க பொண்ணு இன்னும் ரூமுக்கு வரல" என்று சொல்லிவிட்டார்கள். அப்பா அதைக் கேட்ட நேரத்தில் நான் ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். மனிதர் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார். வழியில் நானே கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் திரும்பினார். அதற்கு இன்றுவரை எனக்குக் கோபம் ஆறவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிமுறைகளில் ஒரு வரி இருக்கிறது. பாதுகாப்பைக் காரணம் காட்டி, மாணவர்களுக்கு இல்லாத பாகுபாடான கட்டுப்பாடுகளை விடுதி மாணவிகள் மேல் சுமத்தக் கூடாது என்கிறது. மூன்றாம் வருடம்தான் இதைப் படித்தேன். முதல் வருடமே தெரிந்திருந்தால் அந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன் என்று தோழிகளிடம் சொல்லிக்கொள்வேன். பொய். அப்படியேதான் எழுதியிருப்பேன்.

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். அதே ஹாஸ்டலின் வார்டன் மேடம்தான் என் அறைத்தோழிக்கு டெங்கு வந்தபோது இரண்டு இரவு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் தர்மபுரிக்காரி. அம்மா வந்து சேர்வதற்குள் ரத்தப் பரிசோதனை, கஞ்சி, மாற்றுத்துணி எல்லாவற்றையும் அவரே பார்த்துவிட்டார். பரீட்சைக்கு முந்தின இரவுகளில் மொட்டை மாடிப் படிகளில் வரிசையாக உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக் கொடுத்ததில்தான் நான் கால்குலஸ் பாஸானேன். மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவு மொத்தத்தையும் சாப்பிட்ட நாள் கணக்கில் பிரித்துப் போடுவார்கள். சனி, ஞாயிறு வீட்டுக்குப் போனாலும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்காவிட்டால் அந்த நாட்களும் நம் கணக்கில்தான். நான் எழுதிக் கொடுக்க மறந்தே பாதிப் பணத்தை விட்டேன். அதற்கு மெஸ்ஸைத் திட்ட முடியாது.

இரண்டாம் வருடம் வீட்டிலிருந்து போக ஆரம்பித்த பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மாம்பலம் நாற்பது கிலோமீட்டர் இருக்கும். அங்கே இறங்கி, கல்லூரிக்கு பஸ் பிடிக்க தி.நகர் பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். எனக்கென்றே கட்டியதுபோல 2023 மே மாதம்தான் இரண்டையும் இணைக்கும் ஸ்கைவாக் நடைமேம்பாலத்தைத் திறந்திருந்தார்கள். 570 மீட்டர். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நீந்தாமல், மேலேயே நடந்து பஸ் நிலையத்தில் இறங்கிவிடலாம். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குப் பயணம் இலவசம் என்பது தெரிந்ததே. ரயிலுக்கு மட்டும் மாணவர் சலுகையில் பாதி விலைக்கு மாத சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதம் கழித்து, லேடீஸ் கோச்சில் என் எதிரே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கும் அக்கா ஒருத்தர் என் சீசனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்குமா காசு குடுக்குற?" என்றார். அப்போதுதான் தெரிந்தது. பட்டப்படிப்பு வரை படிக்கும் மாணவிகளுக்கு வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் இலவசம். பையன்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை. கல்லூரியில் சான்றிதழ் வாங்கி கவுன்ட்டரில் கொடுத்தேன். அன்றிலிருந்து நாற்பது கிலோமீட்டர் ரயில், அப்புறம் ஒரு பஸ், திரும்பவும் அதே வழி. என் போக்குவரத்துச் செலவு பூஜ்யம். இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷங்களில் இதற்குத்தான் முதலிடம். அப்பாவுக்கு என்னைவிட அதிகம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

லேடீஸ் கோச்சைப் பற்றித் தனியாகவே எழுதலாம். மாலை வண்டியில் பூ கட்டுவார்கள், கீரை ஆய்வார்கள், யாருக்காவது வளைகாப்பு என்றால் அங்கேயே கண்ணாடி வளையலும் சாக்லேட்டும் வரும். பரீட்சை நாளில் எனக்கு இடம் விட்டு, பக்கத்தில் பேசுகிறவர்களை அதட்டவும் செய்வார்கள். நூலகத்தில் ஏழரை வரை இருந்துவிட்டு ஒன்பதரைக்கு சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்குவேன். அப்பா வண்டியோடு நிற்பார். மூன்று நிமிட தூரத்தில் இருந்தபோது கிடைக்காத நூலகம், நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போனதும் கிடைத்துவிட்டது. ஊரில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு சித்தியிடம் என்ன சொல்ல வேண்டும்? ட்ரெயினிலேயே அனுப்புங்கள் என்றுதானே?

ஆனால் வீட்டிலிருந்து போவது என்றால் வீட்டில் இருப்பது என்றும் அர்த்தம். விடியற்காலை நாலே முக்காலுக்கு எழுந்து ஓடுகிறேன். இரவு ஒன்பதே முக்காலுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "காய வச்ச துணி மாடியிலயே கிடக்கு பாரு." ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டு எழுத உட்கார்ந்தால் வாசலில் மாமா குடும்பம். காபி யார் போடுவது? தம்பி அதே வீட்டில்தான் இருந்தான், அவனும் படித்துக்கொண்டுதான் இருந்தான். அவன் படிப்பதை யாரும் தொந்தரவு செய்யவில்லை. ஹாஸ்டல் கேட் ஆறே காலுக்குப் பூட்டும்தான். ஆனால் உள்ளே போன பிறகு என்னிடம் யாரும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டதில்லை. மாதக்கணக்கில் யாருடைய தட்டையும் கழுவாமல் இருந்தேன். அந்த ஒரு வருடத்தில்தான் நான் மதியத் தூக்கம் தூங்கியிருக்கிறேன்.

இதை எழுதும்போதே இரண்டு முறை அடுப்படிக்குப் போய் வந்துவிட்டேன். பாதி எழுதி வைத்த வரி என்ன என்று மறந்தும் போயிற்று.

சற்று முன் சித்திக்கு போன் போட்டேன். ஹாஸ்டலிலேயே சேர்த்துவிடுங்கள் என்றேன். "நீயாடி சொல்ற? அந்த கேட்ட மூணு வருஷமா திட்டினியே!" என்றார். இப்போதும் திட்டத்தான் செய்கிறேன் என்றேன். போனைச் சின்னவளிடம் கொடுக்கச் சொல்லி, கேட் இப்போது எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று மட்டும் விசாரிக்கச் சொன்னேன். அரை மணி நேரம் கழித்து அவளிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. "ஆறே முக்காலாம்க்கா."