கடற்கரையில் கிடைத்த கல்லை "விண்கல், இரிடியம்" என்று சொல்லி யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்

தூத்துக்குடி, திருச்செந்தூர் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். என் மாமா குடும்பத்திடம் 43,000 ரூபாய் பறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மாமா கடலுக்குப் போகிறவர். அத்தையின் நகையை அடகு வைத்துப் புரட்டிய பணம் அது.

கடல் கொந்தளித்து அடங்கிய சமயத்தில் மாமாவுக்குக் கரையில் ஒரு கறுப்புக் கல் கிடைத்தது. உரித்த தேங்காய் அளவு இருக்கும். கையில் எடுத்தால் நல்ல கனம், காந்தமும் ஒட்டியது. மாமா மகன் படம் எடுத்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறான். அவ்வளவுதான், ஒருவர் போன் போட்டுவிட்டார். "அண்ணாச்சி, இது விண்கல். உள்ளே இரிடியம்னு விலையுயர்ந்த உலோகம் இருக்கு, கோடிக்கணக்குல போகும். வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம்."

காரில் இரண்டு பேர் வந்தார்கள். கல்லுக்குப் பக்கத்தில் அவர்கள் கொண்டுவந்த அரிசியைத் தூவினார்கள். அரிசி நகர்ந்து கல்லை ஒட்டியது. வீடே வாயடைத்துப்போனது. நம் ஊரில் பல வருடங்களாக நடக்கும் "ரைஸ் புல்லர்" மோசடியேதான் இது. அரிசியில் இரும்புத்தூளை ஏற்றிவிட்டு, பொருளுக்குள்ளோ பலகைக்கு அடியிலோ காந்தத்தை மறைத்து வைப்பார்கள். உங்கள் வீட்டு அரிசியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், ஒரு மணிகூட அசையாது.

அப்புறம் "லேப் டெஸ்ட்" என்று 8,000 வாங்கினார்கள். கதிர்வீச்சு வரும் என்று சொல்லிக் கல்லை ஒரு பெட்டியில் வைத்து சீல் போட்டு, திறக்கவே கூடாது என்று வீட்டிலேயே விட்டுப் போனார்கள். அடுத்து ஓர் அறிக்கை வந்தது. மேலே விண்வெளி நிறுவனத்தின் முத்திரை, கீழே "இரிடியம் 92 சதவீதம்". விற்க அனுமதி வாங்க வேண்டும் என்று இன்னும் 35,000. அதையும் அனுப்பிய பிறகு, "அரசாங்கச் சொத்தை வீட்டில் வைத்திருக்கீங்க, கேஸ் ஆகிடும்" என்று மிரட்டி மேலும் கேட்டார்கள். மாமா அழுதுகொண்டே என்னிடம் சொன்னது அப்போதுதான்.

நான் போய்ப் பெட்டியைத் திறந்தேன். கல்லை நிறுத்தோம், 3 கிலோ 100 கிராம். விளிம்புவரை தண்ணீர் நிறைந்த வாளியில் முழுக்கி, வழிந்ததை அளந்தோம், சுமார் 900 மில்லி. அப்படியென்றால் ஒரு கன சென்டிமீட்டருக்கு மூன்றரை கிராம்கூட இல்லை. இரிடியம் 22 கிராமுக்கும் மேல். அறிக்கையில் சொன்னபடி இருந்தால் அந்தக் கல் பத்துக் கிலோவுக்கும் மேல் இருந்திருக்க வேண்டும்! இந்த ஒரு கணக்கே போதும். நிஜமான கல்வகை விண்கல்லில்கூட ஒரு டன்னுக்கு ஒரு கிராம் இரிடியம் தேறாது.

உளியால் ஒரு மூலையைத் தட்டியதும் உள்ளே கண்ணாடி போல மினுமினுப்பு, எங்கு பார்த்தாலும் குமிழ் ஓட்டைகள். கல்லூரியில் ஜியாலஜி நடத்தும் ஒருவரிடம் காட்டினோம். கையில் வாங்கியதுமே சொல்லிவிட்டார், இரும்பு உருக்கும் உலையில் கழிவாக வழியும் கிட்டம். பைசா வாங்கவில்லை. அவர் சொல்லிக் கொடுத்ததையும் எழுதுகிறேன். காந்தம் ஒட்டுவதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. கிட்டமும் ஒட்டும், மேக்னடைட் என்ற இரும்புத் தாது உள்ள சாதாரணக் கல்லும் ஒட்டும். விண்கல்லுக்குள் இப்படிக் குமிழ்கள் அநேகமாக இருக்காது. வெளியே மெல்லிய கருகிய தோல் இருக்கும், உடைத்தால் பெரும்பாலும் வெளிர் சாம்பல் நிறத்தில் உலோகப் பொட்டுகள் தெரியும். டைல்ஸின் பளபளப்பில்லாத பின்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். செம்பழுப்புக் கோடு விழுந்தால் ஹேமடைட் என்ற இன்னொரு இரும்புத் தாது, கறுப்பாக அழுத்தமாக விழுந்தால் மேக்னடைட். விண்கல் அநேகமாகக் கோடு போடாது. அதிலுள்ள இரும்பு கடல் தண்ணீரில் சீக்கிரம் துருப்பிடித்துவிடும் என்பதால் கடற்கரையில் விண்கல் கிடைப்பதே அபூர்வம்.

நம் பக்கம் விண்கல் விழுந்ததே இல்லை என்று சொல்லவில்லை. 1857-இல் அன்றைய மதுரை மாவட்டத்தில் விழுந்த பார்னல்லி விண்கல்லை விஞ்ஞானிகள் இன்றும் ஆராய்கிறார்கள். உங்களிடம் இருப்பதில் உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தை அணுகுங்கள். நாட்டில் விழும் விண்கற்களுக்குப் பொறுப்பு அவர்கள்தான். பக்கத்துக் கல்லூரியின் ஜியாலஜி துறையிலும் காட்டலாம். வீடு தேடி வந்து டெஸ்டுக்குப் பணம் கேட்கிறவன் யாராக இருந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

பணம் ஜிபேயில் போனதால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறோம், காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்தோம். இன்னும் ஒன்றும் திரும்பி வரவில்லை. தாமதிக்காமல் அழைத்தால்தான் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். உங்கள் பக்கமும் இப்படி இரண்டு பேர் அரிசியோடு வந்திருந்தால் பணம் அனுப்பிய விவரம், அவர்கள் பேசிய எண், அறிக்கை எதையும் அழிக்காதீர்கள். எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள், சேர்ந்தே போய்ப் புகார் கொடுக்கலாம்.