அப்பா அறுத்த லீ-என்ஃபீல்டு: பழைய ரைஃபிளை மாற்றலாமா, அப்படியே விடலாமா?

நண்பன் ஒருவனுக்கு அவன் தாத்தாவின் ரைஃபிள் வந்து சேரப்போகிறது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவம் பயன்படுத்திய நம்பர் 4 லீ-என்ஃபீல்டு, யாரும் கைவைக்காதது என்கிறான். முன்கட்டையை, அதாவது பேரல் என்ற குழலுக்குக் கீழே ஓடும் மரத்தை, பாதியாக வெட்டி, ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) போட்டு, தூக்கிக்கொண்டு நடக்க வசதியாக ஆக்கிக்கொள்ளலாமா என்று கேட்டான். அதே வகை ரைஃபிள் என்னிடம் பல வருடங்களாக இருக்கிறது, ஆனால் என்னுடையது ஏற்கெனவே வெட்டப்பட்டது. போன வாரம்தான் பழுதுபார்த்து வாங்கி வந்தேன், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் அவனுக்கு இரண்டு வரியில் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

என்னுடையது கனடாவின் லாங் பிராஞ்ச் தொழிற்சாலையில் 1943-ல் செய்தது, மார்க் 1 ஸ்டார், அதாவது செய்வதை எளிதாக்க மார்க் 1-ஐச் சற்று மாற்றிய வகை. அப்பா வாங்கியபோது முழுக் கட்டையோடுதான் இருந்தது. அவர் முன்கட்டையை, பேரலையும் மரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் நடுவளையத்துக்குச் சற்று முன்னால் அறுத்து முனையை உருட்டி விட்டார், பேரலுக்கு மேலே இருக்கும் மரக்காப்புகளைக் கழற்றிவிட்டார், குறிபார்க்கப் பேரல் முனையில் இருக்கும் முன்குறிக்கு இருபுறமும் நிற்கும் இரும்புக் காதுகளையும் எடுத்துவிட்டார். பேரலை மட்டும் தொடவில்லை. 25.2 அங்குலமும் அப்படியே இருக்கிறது. பேரல் பொருந்தியிருக்கும் நடு இரும்புப் பகுதியான ரிசீவரில் ஒரு துளைகூடப் போடவில்லை. இந்த இரண்டையும் அவர் செய்யாமல் விட்டதற்கு அவருக்கு நான் என்றும் நன்றி சொல்வேன்.

அவர் மேல் குறை சொல்லவும் முடியாது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் படைகளிடம் மிஞ்சிய லீ-என்ஃபீல்டுகள் குவியல் குவியலாக விற்பனைக்கு வந்தன. அப்போது அவை யாருக்கும் அரும்பொருள் இல்லை, மலிவாகக் கிடைத்த உறுதியான ரைஃபிள், அவ்வளவுதான். பார்க்கர்-ஹேல் போன்ற துப்பாக்கி நிறுவனங்களே அவற்றை அறுத்து, இழைத்து, பாலிஷ் போட்டு வேட்டை ரைஃபிளாக விற்றன. வீட்டில் ஒரு ரம்பமும் அரமும் இருந்தவர்கள் தாங்களே செய்துகொண்டார்கள். முழு ரைஃபிள் சுமார் 4 கிலோ. நாள் முழுக்கக் காட்டில் தூக்கிக்கொண்டு நடந்தவர்களுக்கு முன்பக்கம் குறையும் ஒவ்வொரு கிராமும் பெரிய விஷயம்.

சரி, இப்போது என் எரிச்சலுக்கு வருகிறேன். ட்ரிகர்.

பெரும்பாலான பழைய போல்ட் ரைஃபிள்களில் (போல்ட் என்ற கைப்பிடித் தண்டைத் தள்ளித் தோட்டாவைப் பூட்டுபவை) ட்ரிகர் ரிசீவரோடு சேர்ந்திருக்கும், மரம் என்ன ஆனாலும் அதற்குக் கவலை இல்லை. நம்பர் 4 மார்க் 1-லும் மார்க் 1 ஸ்டாரிலும் அப்படி இல்லை. ட்ரிகர் கீழே இருக்கும் காப்பு வளையத்தில் கோத்திருக்கிறது, அது தள்ள வேண்டிய சியர் (சுடும் ஊசியைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கி) மேலே ரிசீவரில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் இருப்பது முன்கட்டை. அதாவது மரம். ட்ரிகரின் தலையில் இரண்டு மேடுகள் இருக்கும். முதல் மேடு சியரைப் பாதி தூரம் தள்ளும், அது முதல் கட்டம். அப்புறம் இரண்டாவது மேடு பிடிக்கும், விரலுக்குத் தெளிவாக ஒரு தடுப்பு தெரியும், அதையும் தாண்டி அழுத்தினால்தான் வெடிக்கும். இந்த இரண்டு கட்டமும் சரியாக அமைந்திருக்கும் நாளில் இதைவிட நல்ல ராணுவ ட்ரிகரை நான் தொட்டதில்லை, மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் மழைக்காலத்தில் வீட்டுக் கதவு வீங்கிச் சட்டத்தில் இறுகிக்கொள்வதைப் போல இந்த முன்கட்டையும் ஈரத்தைக் குடித்து வீங்கும், வெயிலில் வற்றும். வீங்கினால் காப்பு வளையம் ஒரு மயிரிழை கீழே போகிறது, வற்றினால் மேலே வருகிறது. அந்த மயிரிழைதான் முதல் கட்டத்துக்கும் இரண்டாவது கட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். போன மாதம் எடுத்துப் பார்க்கும்போது என் ரைஃபிளில் அந்தத் தடுப்பே காணோம். ஒரே இழுவையாக, எங்கே முடியும் என்று தெரியாமல் நீண்டு வந்து சட்டென்று விட்டது. காலி ரைஃபிளில் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது என்பதால் பிரச்சினை இல்லை. தோட்டா இருக்கும்போது எப்போது வெடிக்கும் என்று விரலுக்குத் தெரியாத ட்ரிகர் ஆபத்தானது, அதை வைத்துக்கொண்டு ஒரு தோட்டாகூடச் சுடக்கூடாது.

முழுக் கட்டை இருந்திருந்தால் இது நடந்திருக்காதா? நடந்திருக்கும், அந்த அமைப்பே அப்படித்தான். தொழிற்சாலைக்கே தெரிந்த குறை இது. பின்னால் வந்த மார்க் 2-ல் ட்ரிகரை ரிசீவருக்கே மாற்றினார்கள், பழைய மார்க் 1 ரைஃபிள்களையும் திருப்பி வாங்கி அதே மாதிரி மாற்றி மார்க் 1/2 என்று முத்திரை குத்தினார்கள். "ஒரிஜினலைத் தொடவே கூடாது" என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், செய்தவர்களே தங்கள் ரைஃபிளை மாற்றியிருக்கிறார்கள். ஆனால் என்னுடையதில் இந்தக் குறை கூடுதலாகத் தெரிகிறது. காரணம் அறுத்த முனை. மரத்தின் குறுக்குவெட்டு எண்ணெய் இல்லாமல் திறந்து கிடந்தால் ஈரம் அந்த வழியாகத்தான் வேகமாக ஏறும். அந்த முனையில் வெளியே வார்னிஷ் பளபளக்கிறது, பேரல் படுக்கும் உட்பக்கப் பள்ளத்தில் எதுவுமே இல்லை.

முதலில் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கட்டையைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை, ட்ரிகரின் மேட்டை இரண்டு இழுப்பு ராவினால் சரியாகிவிடும் என்றார். அப்படியே திருப்பி எடுத்து வந்துவிட்டேன். அந்த உறுப்புகளின் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டது, அதை ராவி எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது மென்மையான இரும்பு. இன்றைக்கு நன்றாக இருக்கும், கொஞ்ச நாளில் தேய்ந்து ரைஃபிள் தானாக வெடிக்கும் நிலைக்கு வரும். அதைவிடக் கொடுமை, மரம் பழைய நிலைக்குத் திரும்பும்போது ராவிய மேடு திரும்பி வராது. நோய் மரத்தில் இருக்கும்போது இரும்பை வெட்டுகிற வேலை எனக்குப் புரியவே இல்லை.

இரண்டாவதாகப் போனவர் வேறு ரகம். முன்கட்டையைக் கழற்றியதும் பின்முனையின் உட்பக்கத்தைத்தான் பார்த்தார். ரைஃபிள் பின்னால் உதைக்கும்போது ரிசீவர் முட்டி நிற்கிற இடங்கள் அங்கே இருக்கின்றன. பல வருட உதையிலும் எண்ணெயிலும் அந்த இடங்கள் நசுங்கிக் கறுத்துப் போயிருந்தன, அதனால் கட்டை மொத்தமாகவே முன்னுக்கும் பின்னுக்கும் கொஞ்சம் ஆடுகிறது. நசுங்கிய மரத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, கெட்டி மரத்துண்டுகளை நார் சரியான திசையில் நிற்கும்படி பொருத்தி ஒட்டி, எங்கே முட்டுகிறது என்று புகைக்கறி தடவிப் பார்த்துப் பார்த்து இழைத்துச் சேர்த்தார். முன் திருகு போகும் துளையில் இருக்க வேண்டிய இரும்புக் குழாயும் எப்போதோ தொலைந்திருந்தது. திருகை எவ்வளவு முடுக்கினாலும் மரம் நசுங்காமல் தூரத்தைக் காப்பது அந்தச் சின்னக் குழாய்தான். அதையும் போட்டார். இப்போது தடுப்பு திரும்பி வந்துவிட்டது. அடுத்த ஈரக்காற்று அடிக்கும்போது என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும், எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

அறுத்ததன் இன்னொரு விளைவையும் சொல்லிவிடுகிறேன். நம்பர் 4-ன் முன்கட்டை வெறும் கைப்பிடி இல்லை. முழுக் கட்டையில் அதன் முனை பேரலைக் கீழிருந்து சில பவுண்ட் விசையோடு மேல்நோக்கித் தாங்கிக்கொண்டிருக்கும். மெலிந்த பேரல் ஒவ்வொரு வெடிக்கும் ஒரே மாதிரி அதிர அந்தத் தாங்கல் வேண்டும். அறுத்ததும் அது போய்விடுகிறது. என்னுடையதில் பேரல் குளிர்ந்திருக்கும்போது போகும் முதல் இரண்டு மூன்று குண்டுகள் ஒட்டினாற்போல் விழும், சூடு ஏற ஏறக் குண்டு மேலே நகரும். எல்லா அறுத்த ரைஃபிளும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், நடுவில் நன்றாகப் படுக்கை அமைத்து அருமையாகச் சுடுகிறவையும் உண்டு. வேட்டைக்குப் போகிறவருக்கு முதல் குண்டுதானே முக்கியம், அப்பாவுக்கு இது ஒரு குறையாகவே பட்டிருக்காது. நான் தாளில் இலக்கு வைத்துச் சுடுகிறவன், எனக்குப் படுகிறது.

நான் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று, அதைப் பற்றிப் பேசினால் மட்டும் முகம் மலர்ந்துவிடும். போர்க்காலத்தில் வேகமாகச் செய்ய வேண்டும் என்பதற்காக இதில் கண்ணுக்கு அருகில் இருக்கும் பின்குறியாக 300, 600 கஜத்துக்கான இரண்டு துளைகள் கொண்ட மடிப்புத் தகடுதான் வைத்திருந்தார்கள். 100 கஜத்தில் சுட்டால் குண்டு நன்றாக மேலே போகும். அதைக் கழற்றி வைத்துவிட்டு, அதே ரைஃபிளுக்கென்று ஆரம்பத்தில் வடிவமைத்த திருகுக் குறியைப் போட்டேன், 200 முதல் 1300 கஜம் வரை அளவு பொறித்தது. அதே அச்சாணி, அதே துளை, எதையும் வெட்ட வேண்டியதில்லை. முன்குறியையும் உயரமான ஒன்றாக மாற்றினேன். அவை 0.015 அங்குல இடைவெளியில் பல உயரங்களில் உண்டு, குண்டு மேலே போனால் உயரமான முன்குறி போட வேண்டும். அந்தச் சின்னத் துளை வழியாகப் பார்க்கும்போது முன்குறி தெளிவாக நடுவில் வந்து நிற்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. வயதாகும் கண்ணுக்கு இவ்வளவு உதவும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. பழைய மடிப்புத் தகடு எண்ணெய்த் துணியில் சுற்றிப் பத்திரமாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போடலாம்.

ஸ்கோப் வேண்டும் என்கிறவர்களுக்கும் இதே வழி உண்டு. பின்குறியின் அச்சாணித் துளையைப் பயன்படுத்தி, ரிசீவரைத் துளைக்காமலே பொருத்தும் தாங்கிகள் கிடைக்கின்றன. கன்னம் உயர வேண்டியிருக்கும், அதற்கு வாரால் கட்டும் மெத்தை போதும். பின்கட்டை நீளம் ஒத்துவரவில்லை என்று அதை அறுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்த ரைஃபிளுக்கு ஆரம்பத்திலேயே பின்கட்டைகளைப் பல நீளங்களில் செய்திருக்கிறார்கள், குட்டை, நடு, நீளம் என்று எழுத்து குத்தியே இருக்கும். ஒரு நீண்ட திருகைக் கழற்றினால் கட்டையை மாற்றிவிடலாம்.

மற்ற ரைஃபிள்களுக்கு என் பேச்சு அப்படியே பொருந்தாது. ரெமிங்டன் 700 வந்திருக்கிறது என்றால் கட்டையை மாற்றி, பழையதை அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாகச் சுடலாம். 1964-க்கு முந்தைய வின்செஸ்டர் மாடல் 70 என்றால் புதிதாக ஒரு துளை போட்டாலே சேகரிப்பவர்கள் விலகிவிடுவார்கள். அப்புறம், எந்த ரைஃபிளாக இருந்தாலும் முதலில் உங்கள் பெயருக்கு முறைப்படி மாற்றிக்கொள்ளுங்கள். பேரலைக் குறைப்பது போன்ற வேலைகளுக்குப் பல நாடுகளில் தனி அனுமதி வேண்டும், கேட்காமல் கைவைக்காதீர்கள்.

இவ்வளவு படித்தவர்கள் நான் என்னுடையதற்கு முழுக் கட்டை வாங்கிப் போடப்போகிறேன் என்றுதான் நினைப்பீர்கள். பேரல் முழுசு, ரிசீவர் சுத்தம், உதிரிகள் கிடைக்கின்றன, பழுதுபார்த்தவரும் நேர்த்தியாகச் செய்து தருகிறேன் என்றார். சுடும் விதத்தில் முழுக் கட்டைதான் மேல் என்பதை நானே மேலே ஒத்துக்கொண்டுவிட்டேன். ஆனாலும் போடப்போவதில்லை. அந்த அறுத்த முனையில் அரத்தின் கோடுகள் இன்னும் இருக்கின்றன, இடது பக்கம் கொஞ்சம் அதிகமாக இழைத்திருக்கிறார். புதுக் கட்டை போட்டால் அது 1943-ல் தொழிற்சாலையை விட்டு வந்த ரைஃபிளைப் போலத் தோன்றும். அப்படிப்பட்டவை லட்சக்கணக்கில் இருக்கின்றன, நம்பர் 4 மட்டுமே 40 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். அப்பா தோளில் போட்டுக்கொண்டு நடந்தது இது ஒன்றுதான். ட்ரிகரோடு சண்டை போட்டுக்கொண்டே வைத்துக்கொள்கிறேன். உட்பக்கப் பள்ளத்துக்கும் அறுத்த முனைக்கும் ஆளி விதை எண்ணெய் ஊற ஊறத் தடவி வருகிறேன், இவ்வளவு நாள் யாரும் செய்யாத வேலை அது.

நண்பனுக்கு என் பதில் இதற்கு நேர் எதிர்: அறுக்காதே. அவன் தாத்தா அதை அறுக்காமல்தான் விட்டிருக்கிறார், அதுவும் அவர் எடுத்த முடிவுதான். தூக்க லேசான ரைஃபிள் வேண்டுமென்றால் வேறொன்று வாங்கிக்கொள்ளட்டும். கையில் வந்ததும் அவன் பார்க்க வேண்டியவை: போல்ட் கைப்பிடியில் இருக்கும் எண்ணும் ரிசீவரில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா, ட்ரிகரில் இரண்டு கட்டமும் தெளிவாகத் தெரிகிறதா, மார்க் 1 ஸ்டார் என்றால் போல்ட் தலை ஓடும் தண்டவாளத்தில் வெட்டு இருக்கும் இடத்தின் ஓரம் உடைந்திருக்கிறதா. உடைந்திருந்தால் போல்ட் தலை பாதியில் குதித்து வெளியே வரும். அதைத் தெரிந்தவரிடம் காட்டும் வரை சுடக் கூடாது, முன்கட்டையையும் அவர் கழற்றும்போதே கழற்றட்டும்.