மூன்று கிழமை நிற்குமென்று போட்ட ஜெல் பொலிஷ் மூன்றாம் நாளே கழன்றது: கலியாணப் பெண்கள் கவனம்

யாழ்ப்பாணம் நகரில் ஒரு பார்லரில் மணப்பெண் ஒருவருக்குக் கலியாணத்துக்கு முதல் நாள் ஜெல் பொலிஷ், அதாவது லாம்ப் வெளிச்சத்தில் காயவைக்கும் நகப்பூச்சு, போட்டார்கள். மூன்று கிழமைக்கு அசையாது என்று உறுதி சொல்லி நாலாயிரம் ரூபா வாங்கினார்கள். மூன்றாம் நாள் வலக்கைச் சுட்டுவிரலிலும் பெருவிரலிலும் பொலிஷ் முழுத் தகடாகக் கழன்று வந்தது. கேட்கப் போனபோது, "தங்கச்சி, உங்கட நகத்தில எண்ணெய்த்தன்மை கூட. அதுதான் பிடிக்கேல்லை" என்றார்கள்.

இது ஏமாற்றுப் பதில். நகத்தில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. சுற்றியுள்ள தோலில் இருந்தும் தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயில் இருந்தும் படிவதைத்தான் துடைத்து எடுக்கவேண்டும், அது பார்லரின் வேலை. உண்மைக் காரணம் கழன்ற தகட்டின் உட்பக்கத்திலேயே இருந்தது. நகம் தொடங்கும் பக்கத்துத் தகட்டு விளிம்பில் மங்கலான வெள்ளைப் படலம் ஒட்டியிருந்தது. அது நகத்தின்மேல் படர்ந்து கிடக்கும் செத்த தோல். அதைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே பூசியிருக்கிறார்கள். தகட்டின் நடுப்பகுதி பளபளவென்றிருந்தது, அதாவது நகத்தின் மினுக்கத்தை எடுக்கவே இல்லை. நுனியிலும் பொலிஷ் மடிந்து நகத்தின் வெட்டுமுகத்தை மூடவில்லை. உங்களுக்கும் இப்படிக் கழன்றால் தகட்டை வீசாதீர்கள், திருப்பிப் பாருங்கள்.

ஒழுங்காகச் செய்தால் பொலிஷ் போத்தலைத் திறக்க முன்னரே பதினைந்து, இருபது நிமிடம் போகும். முதலில் நகம் தொடங்கும் இடத்துத் தோலை மெல்லத் தள்ளி, நகத்தோடு ஒட்டிய செத்த படலத்தை மூலைகள் உட்பட எடுக்கவேண்டும். அனேகமாகக் கழலத் தொடங்குவது மூலைகளில்தான். பிறகு 180 அல்லது 240 இலக்க பஃபரால் (நகம் தேய்க்கும் சொரசொரப்பான கட்டை) பாரமில்லாமல் தேய்த்து மினுக்கத்தை மட்டும் எடுக்கவேண்டும். தூசியைத் தட்டிவிட்டு, நூல் பிரியாத துணியில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் அல்லது அசற்றோன் நனைத்து ஒவ்வொரு நகமாகத் துடைக்கவேண்டும். சாதாரண பஞ்சு சரிவராது, அதன் நார் நகத்தில் ஒட்டினால் அந்த இடத்தில் பொலிஷ் தூக்கும். துடைத்த நகத்தை அதன்பின் யாரும் தொடக்கூடாது, நீங்களும் தலைமுடியை ஒதுக்கக்கூடாது. நகம் ஈரப்பிடிப்பானதாக இருந்தால் ஈரத்தை எடுக்கும் டீஹைட்ரேட்டரும், பொலிஷ் பிடிக்கவைக்கும் அமிலமில்லாத பிரைமர் மிக மெல்லியதாக ஒரு பூச்சும் போதும்.

கையை வெந்நீரில் ஊறவைத்து, பூவிதழ் மிதக்கவிட்டு, உடனே ஜெல் பூசுவார்கள். பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் பொலிஷைக் கழற்றுவதே அதுதான். நகம் தண்ணீரை உறிஞ்சி உப்பும். அதன்மேல் பூசிக் காயவைத்தபின் தண்ணீர் போய் நகம் சுருங்கும்போது மேலே உள்ள பூச்சு அதோடு சுருங்காது, விளிம்பில் பிரியும். ஜெல்லுக்கு முன் தண்ணீர்க் கிண்ணம் வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மருதோண்டியும் முதலிலேயே முடிந்திருக்கவேண்டும். கோனில் கலக்கும் தைலம் நகத்திலும் படியும்.

பூசும்போது பேஸ் கோட் (முதல் அடிப்பூச்சு) கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக, தோலில் இருந்து அரை முதல் ஒரு மில்லிமீற்றர் விட்டு, நுனியை மடித்து மூடிப் போகவேண்டும். மெரூன், கடுஞ்சிவப்பு போன்ற கலியாண நிறங்களைத் தடிப்பாக ஒரே கோட்டில் போட்டால் வெளிச்சம் அடிவரை போகாது. மேலே காய்ந்து கீழே பிசுபிசுக்கும். மெல்லியதாக இரண்டு கோட்தான் சரி. ஒவ்வொரு கோட்டுக்கும் 48 வொட் எல்.ஈ.டி. லாம்ப்பில் பொதுவாக 30 முதல் 60 செக்கன், பழைய 36 வொட் யூவி பல்ப் லாம்ப் என்றால் 2 நிமிடம். பெருவிரல் சரிந்து நிற்பதால் அதைத் தனியாக வைக்கவேண்டும். லாம்ப் இல்லாமல் விசிறிக் காற்றில் காய்ந்தால் அது ஜெல் அல்ல, சாதாரண கியூட்டெக்ஸ். அதற்கு ஜெல் விலை கொடுக்காதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு "சும்மா திருப்பிப் போட்டுத் தாறம்" என்று செய்த வேலைதான் இன்னும் மோசம். பழைய பொலிஷை அசற்றோனில் ஊறவைக்காமல் ட்ரில் மெஷினால் உராய்ந்து எடுத்தார்கள். விரல் நகத்தின் தடிப்பே ஏறத்தாழ அரை மில்லிமீற்றர்தான். நகத்தின் அடியில் பிறைவடிவில் சிவந்த பள்ளம் விழுந்தது. லாம்ப்புக்குள் கை வைத்ததும் சுட்டது. "சுடும், கொஞ்சம் பொறுங்கோ" என்றார்கள். ஜெல் காயும்போது வெப்பம் விடும். தடிப்புப் பூச்சும் மெலிந்த நகமும் சேர்ந்தால் அந்த வெப்பம் நேரே சதைக்குப் போகும். சுட்டால் உடனே கையை வெளியே எடுங்கள், பொறுக்கவேண்டிய தேவை எதுவுமில்லை. அந்தப் பள்ளம் ஆறாது, வளர்ந்து வெளியேறத்தான் வேண்டும். நகம் மாதம் சுமார் 3 மில்லிமீற்றர் வளரும் கணக்கில் அதற்கு நாலு, ஐந்து மாதமாவது செல்லும். அதுவரை கட்டையாக வெட்டி, எண்ணெய் பூசி, ஜெல் இல்லாமல் விடுங்கள். சரியாகக் கழற்றுவதென்றால் மேல் மினுக்கை அரத்தால் உடைத்து, அசற்றோன் பஞ்சை வைத்து அலுமினியத் தாளால் சுற்றி 10 முதல் 15 நிமிடம் விட்டு, மரக்குச்சியால் தள்ளவேண்டும்.

எங்களுக்கு எல்லாவற்றிலும் கூடுதல் கவலை தருவது ஒவ்வாமைதான். காயாத ஜெல் தோலில் பட்டுப் பட்டு, அதிலுள்ள ஹெமா (HEMA) என்ற இரசாயனப் பொருளுக்கு உடல் ஒருமுறை ஒவ்வாமை காட்டத் தொடங்கினால் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். விரல்நுனி கடிக்கும், வெடிக்கும், கண்ணிமைகூட வீங்கும். அதே குடும்பப் பொருட்கள் பல் அடைப்பிலும் இருப்பதால் பல் வைத்தியரிடமும் சிக்கல் வரலாம். ஐரோப்பிய ஒன்றியம் ஹெமா உள்ள நகப் பூச்சுக்களைத் தொழில்முறைப் பாவனைக்கு மட்டும் என்று வரையறுத்திருக்கிறது. ஜெல்லைக் காயவைக்கச் சேர்க்கும் ரி.பி.ஓ. (TPO) என்ற இரசாயனப் பொருளை 2025 செப்டெம்பர் 1 முதல் முற்றாகத் தடைசெய்தது. ஆகவே போத்தலைக் கையில் வாங்கி, இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பொருட்பட்டியல் இல்லாத போத்தல் என்றால் எழும்பி வாருங்கள். தோலில் பட்ட ஜெல்லை லாம்ப்புக்கு முன் துடைக்காதவரிடமும் இருக்கவேண்டாம். கடி தொடங்கியிருந்தால் பூச்சைக் கழற்றிவிட்டுத் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

காசு கொடுக்கும்போது பற்றுச்சீட்டில் "ஜெல் பொலிஷ்" என்று எழுதி வாங்குங்கள். கழன்ற தகடு, நகத்தின் படம், சீட்டு மூன்றையும் வைத்துக்கொண்டு முதலில் பார்லரில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.