கொல்லைத் தரையா, மேட்டுப்பாத்தியா, மாடிப் பையா? டெல்டா வீட்டுத் தோட்டத்துக்கு எது சரி

ஆடி பிறந்தால் விதைக் கடையில் கூட்டம். வெண்டையா கத்தரியா என்று யோசிக்கிற அளவுக்கு, ஐப்பசி அடைமழையில் அந்தச் செடியின் வேர் எதில் நிற்கப்போகிறது என்று யோசிப்பவர்கள் குறைவு. டெல்டாவில் வீட்டுத் தோட்டம் வெயிலில் காய்ந்து போவதைவிட மழைநீரில் மூச்சு முட்டிப் போவதுதான் அதிகம். ஆகவே தரை, மேட்டுப்பாத்தி, மாடிப் பை மூன்றையும் இங்கே தண்ணீரை வைத்தே எடை போடுகிறோம். விளைச்சல், செலவு, உழைப்பு எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் மண்ணைப் பாருங்கள்

டெல்டா முழுக்க ஒரே மண் இல்லை. பழைய டெல்டா என்று சொல்லும் கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் காவிரியும் வெண்ணாறும் கொண்டுவந்து போட்ட வண்டல். சத்து நிறைய, களித்தன்மையும் நிறைய. மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கமும், வல்லம் மேட்டிலும் செம்மண் கலந்த, நீர் வடியும் நிலம். வேதாரண்யம் கரையோரம் மணல், கூடவே உப்புத் தண்ணீர்.

உங்கள் கொல்லை எந்த வகை என்று அறிய இரண்டு சோதனை போதும். ஈர மண்ணைப் பிசைந்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பட்டையாகத் தள்ளுங்கள். ஒடியாமல் இரண்டு அங்குலத்துக்கு மேல் நீண்டால் களிமண். அடுத்து, ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் குழி வெட்டி நீர் நிரப்புங்கள். அது முழுதும் வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியை நட்டு மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஓர் அங்குலம் இறங்கினால் தரையிலேயே நடலாம். மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் கிடந்தால் அந்தத் தரை தை முதல் ஆவணி வரைக்கும்தான் காய்கறிக்கு ஆகும். முதல் தடவை நிரப்பியதை வைத்து முடிவு செய்யாதீர்கள். காய்ந்த மண்ணும் அதன் வெடிப்புகளும் குடித்துவிடும் நீர் அது, வடிகால் கணக்கில் வராது.

தரை

மூன்றில் செலவு குறைந்தது தரைதான். வேர் ஆழமாகப் போகும், சித்திரை வெயிலில்கூட நான்கைந்து நாளுக்கு ஒரு பாய்ச்சல் போதும். வண்டல் மண் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அடியுரமாக நன்கு மக்கிய தொழு உரம் போட்டாலே பெரும்பாலான காய்கள் வந்துவிடும்.

சிக்கல் இரண்டு. ஒன்று, கொத்தும் நேரம். களிமண்ணைச் சேறாக இருக்கும்போது கொத்தினால் மண்வெட்டி பட்ட இடமெல்லாம் இழைந்து, காய்ந்ததும் செங்கல்லாகிவிடும். காய்ந்து கிடக்கும்போதோ கடப்பாரைகூட இறங்காது. ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் அமுக்கினால் உதிர வேண்டும், அதுதான் பதம். மழை விட்டபின் அந்தப் பதம் மூன்று நான்கு நாள்தான் நிற்கும். அதைத் தவறவிட்டவர்கள்தான் களிமண்ணைத் திட்டுகிறார்கள்.

களியை இளக்க ஆற்றுமணல் கொட்டுவது பரவலான வழக்கம். கொஞ்சம் மணல் சேர்த்தால் களித்துகள் மணலின் இடைவெளியில் புகுந்து இன்னும் கெட்டிப்படும். இளக்குவது மணல் அல்ல, மக்கு. சதுர மீட்டருக்கு நான்கைந்து கிலோ தொழு உரமும், மண் இறுகிப் பொருக்குத் தட்டும் இடமானால் 200 கிராம் ஜிப்சமும் சேர்த்துக் கொத்திவிடுங்கள். பலன் ஒரு பட்டத்தில், அதாவது ஒரு விதைப்புப் பருவத்தில், தெரியாது, மூன்று பட்டத்தில் தெரியும்.

இரண்டாவது சிக்கல், நாள்காட்டி. வெண்டையை ஆடி முதல் வாரம் ஊன்றினால் 45 நாளில் காய் பறிக்கலாம். தொண்ணூறு நாளில், அதாவது ஐப்பசி பிறக்கும் தறுவாயில், செடியின் வேலை முடிந்துவிடும். மழை வந்தாலும் இழப்பில்லை. அதே நாளில் கத்தரி விதை போட்டால் கதை வேறு. நாற்றங்காலில் 30 முதல் 35 நாள், நட்டு 55 முதல் 60 நாளில் முதல் பறிப்பு. செடி காய்க்கத் தொடங்குவதும் வடகிழக்குப் பருவமழை இறங்குவதும் ஒரே சமயம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது எல்லாக் காய்க்கும் ஒரே மாதிரி பொருந்தாது. பழைய டெல்டாவில் ஆடிக் கத்தரி தரைப்பாத்தியில் வேண்டாம். பார் பிடித்து, அதாவது மண்ணை வரிசையாக மேடு கட்டி, ஓரடி உயரத்தில் நடுங்கள். இல்லையேல் மார்கழியில் நாற்று விட்டுத் தையில் நட்டு வைகாசி வரை பறியுங்கள்.

நீர் தேங்கிச் சாகும் செடியை அடையாளம் காண்பதில் ஒரு பொறி இருக்கிறது. வேருக்குக் காற்று கிடைக்காததால் அது நீரை உறிஞ்சாது. இலை வாடித் தொங்கும். பார்ப்பவர் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஒரு குடம் ஊற்றுவார், செடியின் கதை முடிந்துவிடும். சந்தேகம் வந்தால் ஒரு செடியைப் பிடுங்குங்கள். வேர் பழுப்பாகி, தோல் உறைபோலக் கழன்று, நாற்றம் அடித்தால் அழுகல்தான். வெள்ளை வேரோடு வாடியிருந்தால்தான் தண்ணீர்.

முருங்கையை மட்டும் எந்த வகையிலும் தாழ்வான தரையில் வைக்காதீர்கள். நீர் தேங்கிய இடத்தில் அது நிற்காது. கிணற்று மேடோ வேலி மேடோதான் அதற்கு இடம். துவைக்கும் கல்லடி நீர் தேங்கும் மூலையில் சேம்பு, வல்லாரை, பொன்னாங்கண்ணி. அந்த மூலையை மேடாக்க மெனக்கெட வேண்டாம். சோப்பு நீர் நேராக விழாதபடி ஒரு வாழையை முன்னால் வைத்தால் போதும்.

மேட்டுப்பாத்தி

பழைய டெல்டாவுக்கு இதுதான் சரி என்பது எங்கள் முடிவு. காரணம் எளிது. கொல்லையில் அரையடி நீர் நின்றாலும் ஓரடிப் பாத்தியின் மேல் பாதியில் வேர் மூச்சு விடும். ஆடியில் நட்ட கத்தரி கார்த்திகையைத் தாண்டுவது இதில்தான். மழை விட்ட மறுநாளே கால் சேறாகாமல் களையெடுக்கலாம் என்பது கூடுதல் வசதி.

அகலம் மூன்றடிக்கு மேல் போக வேண்டாம். இருபக்கமும் நின்று கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. நீளம் பத்தடி, உயரம் ஓரடி. பாத்திகளுக்கு நடுவே இரண்டடி நடைபாதை. அந்த நடைபாதைதான் வடிகாலும். அதைத் தெரு வாய்க்கால் பக்கம் சரிவாக வெட்டிவிடாவிட்டால் பாத்தி குளத்துத் தீவாகிவிடும்.

கட்டும் முறை: அடித்தரையைப் பதத்தில் அரையடி கொத்தி இளக்குங்கள். கொத்தாமல் மேலே கொட்டினால் இரண்டு மண்ணும் சேரும் இடத்தில் நீர் தங்கி வேர் அங்கேயே திரும்பிவிடும். பத்தடிக்கு மூன்றடி பாத்திக்கு மொத்தம் 30 கன அடி வேண்டும். அடியில் நான்கு அங்குலம் காய்ந்த இலை, நறுக்கிய வாழைத்தண்டு, மட்டைத் துண்டு. அதன்மேல் வரும் 20 கன அடியில் பாதி, நடைபாதையில் வெட்டி எடுத்த மேல்மண்ணே போதும். ஆறு கன அடி மக்கிய எரு, நான்கு கன அடி மக்கிய உமி அல்லது கழுவிய தென்னை நார்க்கழிவு, இரண்டு கிலோ வேப்பம் புண்ணாக்கு.

உமி இங்கே ரைஸ் மில் வாசலில் மலையாகக் கிடக்கிறது என்று பச்சையாகக் கொட்டாதீர்கள். அது மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும், செடி வெளிறிப் போகும். கருக்கிய உமி நல்லது. முழுக்க எரிந்த வெள்ளைச் சாம்பல் காரத்தன்மை உள்ளது. பாத்திக்கு ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம்.

பக்கச் சுவருக்குச் சாந்து பூசாமல் அடுக்கிய செங்கல் சிறந்தது, இடுக்கில் நீர் வடியும். சுவரே இல்லாமல் அடி நாலடி, உச்சி மூன்றடி எனச் சரித்துவிட்டாலும் நிற்கும், அடைமழைக்குப் பின் ஓரத்தை ஏற்றிவிட்டால் போதும். தென்னந்துண்டுகளை அடுக்குகிறார்கள். இலவசம்தான், ஆனால் மக்கும் தென்னையிலும் எருவிலும் காண்டாமிருக வண்டு முட்டையிடும். கொத்தும்போது கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தால் பொறுக்கி அழியுங்கள். அது உங்கள் கத்தரியைத் தின்பதைவிட, வண்டாகிப் பக்கத்துத் தென்னையின் குருத்தைக் குடைவதுதான் பெரிய சேதம்.

குறை இல்லாமல் இல்லை. ஆறு மாதத்தில் மூன்று அங்குலம் உட்காரும். ஆடிக்கு முன்னும் தைக்கு முன்னும் எரு போட்டு ஏற்ற வேண்டும். சித்திரையில் தரையைவிட வேகமாகக் காயும், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் கேட்கும். மூன்று அங்குலம் வைக்கோல் மூடாக்கு போட்டால் அந்தக் கணக்கு பாதியாகும். தண்டிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள், ஒட்டிக் கிடந்தால் அடித்தண்டு அழுகும். பெருச்சாளிக்கு இளகிய மண் மிகவும் பிடிக்கும். அதற்கு வளையை மிதித்து மூடிக்கொண்டே இருப்பதைத் தவிர மலிவான வழி இல்லை.

மாடிப் பை

கொல்லை இல்லாதவர்களுக்கு இது ஒன்றுதான் வழி. கொல்லை இருந்தும் மாடிக்கு ஏறுபவர்கள் ஏன் ஏறுகிறோம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். மயிலும் ஆடும் காரணமென்றால், மாடி ஆட்டைத்தான் தடுக்கும். மயில் ஏறி வரும்.

எடைதான் முதல் கேள்வி. பன்னிரண்டு அங்குல அகலம், பன்னிரண்டு அங்குல உயரமுள்ள வட்டப் பை ஏறக்குறைய 22 லிட்டர் கொள்ளும். வயல் மண்ணை நிரப்பி நனைத்தால் 35 கிலோவுக்குக் குறையாது. ஆட்கள் நடமாடும் கான்கிரீட் மாடிக்குப் பொதுவாகக் கணக்கில் எடுக்கும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஒரு சதுர மீட்டரில் ஒன்பது பை நெருக்கி வைத்தால் 315 கிலோ. நார்க்கழிவுக் கலவையில் அதே பை 18 முதல் 20 கிலோதான். இடைவெளி விட்டு நான்கு வைத்தால் கவலையில்லை. கும்பகோணம், தஞ்சாவூர் அக்ரகாரப் பழைய வீடுகளில் மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸில் பை வைப்பதையே மறந்துவிடுங்கள். கசிவு உத்தரத்தை அரிக்கும்.

கலவையில் களிமண் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. மண், நார், எரு மூன்றும் சமமாக என்ற வாய்ப்பாடு செம்மண் ஊர்களுக்கானது. இங்கே வயல் மண்ணை அப்படிச் சேர்த்தால் இரண்டு மாதத்தில் பைக்குள் ஒரு தூண் நிற்கும், தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும். நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் அல்லது மக்கு எரு இரண்டு பங்கு, மண் ஒரு பங்கு, பைக்கு 50 கிராம் வேப்பம் புண்ணாக்கு. ஐந்து கிலோ நார்க்கட்டி ஊறினால் சுமார் 70 லிட்டர் ஆகும். இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்து உப்பைப் போக்குங்கள். பையின் அடியில் ஜல்லி போட்டால் நீர் வடியும் என்பது நம்பிக்கை மட்டுமே. நீர் ஜல்லிக்கு மேல் மண்ணிலேயே தங்கும், வேருக்கு இடம் குறைவதுதான் மிச்சம். துளை அடைபடாமல் இரண்டு செங்கல்மேல் வையுங்கள்.

சித்திரை, வைகாசியில் பைக்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு ஒரு லிட்டராவது வேண்டும். இருபது பைக்கு 40 லிட்டர். இரண்டு நாள் கல்யாணத்துக்குப் போய்வந்தால் தோட்டம் இருக்காது. இந்த ஏற்ற இறக்கத்தால்தான் மாடித் தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அமுங்குகிறது. அது நோயல்ல, நீர் சீராக இல்லாதபோது சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராத கோளாறு. மருந்து அடித்துப் பயனில்லை. கரையோர ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று உப்பு பையின் மேல் வெள்ளையாகப் பூக்கும். மழைநீரைப் பிடித்து மாதமொரு முறை அடியில் ஒழுகும் வரை ஊற்றிக் கழுவுங்கள்.

கீரையில் மட்டும் மாடிதான் முந்துகிறது. ஆறு அங்குல ஆழத் தொட்டி போதும், 25 நாளில் அரைக்கீரையும் சிறுகீரையும் கைக்கு வரும். தரையில் களிமண் பொருக்குத் தட்டிக் கீரை விதையை முளைக்க விடாது. மிளகாயும் பையில் நன்றாக நிற்கும். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப் பேன் என்று பார்த்து மருந்து தேர்ந்தெடுங்கள்.

வெண்டை? ஒரு செடி இரண்டு நாளுக்கு ஒன்றிரண்டு காய் தரும். நாலு பேருக்கு ஒரு வேளைப் பொரியல் வேண்டுமென்றால் பத்துப் பன்னிரண்டு செடி ஒரே சமயத்தில் காய்க்க வேண்டும். மாடியில் பன்னிரண்டு பை, தரையில் ஒன்றரை அடிக்கு ஓரடி இடைவெளியில் ஒரு சின்னப் பாத்தி. புடலையும் பாகலும் இன்னும் மோசம். பன்னிரண்டு அங்குலப் பையில் கொடி ஏறும், பூக்கும், பிஞ்சு மஞ்சளித்து உதிரும். அவற்றுக்குத் தரையில் ஒன்றரை அடிச் சதுரக் குழி, பத்துக் கிலோ எரு, தரைமட்டத்துக்கு மேல் அரையடி மண்மேடு, மேலே பந்தல்.

புயல் எச்சரிக்கை வந்தால் மாடிப் பைகளைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக இறக்கி நெருக்கி வைத்து, பந்தல் கம்பிகளையும் நிழல்வலையையும் கழற்றிவிடுங்கள். கிழியும் வலையைவிட, வலையோடு பறக்கும் கம்பி ஆபத்து.

யாருக்கு எது

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைச் செம்மண்ணில் தரை. மேடு கட்டினால் தண்ணீர்ச் செலவு கூடுவதைத் தவிர லாபமில்லை. கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை வண்டலில் இரண்டு மேட்டுப்பாத்தி, கூடவே தையில் தரையில் வெண்டை, அவரை. வேதாரண்யம் மணலில் தரைதான், ஆனால் எருவும் மூடாக்கும் இரட்டிப்பாக. கொல்லை உள்ளவர்களும் மாடியில் நான்கு கீரைத் தொட்டி வைத்துக்கொள்ளலாம். கார்த்திகையில் கொல்லைக்குப் போக முடியாத நாட்களில் சாம்பாருக்கு அதுதான் கைகொடுக்கும்.