யாபாவின் நீள மேசையில் அமலா

லாகோஸ் நகரின் யாபா பகுதியில் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் திறக்கும் புக்கா இது. தனி மேசை கிடையாது. பக்கத்துக்கு ஆறு பேராக எதிரெதிரே உட்காரும் இரண்டு நீள மேசைகள், இருபுறமும் முதுகுச் சாய்வில்லாத பெஞ்சுகள், அவ்வளவுதான். அமலா என்ற கிழங்குமாவுக் களிக்காக இங்கே கட்டாயம் போகலாம். தக்காளியும் மிளகாயும் சேர்த்து ஆக்கும் ஜாலஃப் சோறு வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள்.

நைஜீரியாவில் புக்கா என்றால் எளிய சாப்பாட்டுக்கடை. 'மாமா புட்' என்றும் சொல்வார்கள். அங்கே மாமா என்றால் அம்மா. 'அம்மா, இன்னும் கொஞ்சம் போடு' என்று கேட்டுக் கேட்டே நிலைத்த பெயர் அது.

முதலில் உட்காரக் கூடாது. சட்டிகள் இருக்கும் இடத்தில் வரிசையில் நின்று, ஸ்வாலோ எது, குழம்பு எது, இறைச்சி எது என்று இந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும். மெல்லாமல் விழுங்கும் களி வகை எல்லாவற்றுக்கும் ஸ்வாலோ என்றுதான் பொதுப்பெயர். கேப்பைக்களி தின்று பழகிய தொண்டைக்குச் சிரமமே இல்லை. களி பிளாஸ்டிக் தாளில் சுற்றிய உருண்டைக் கணக்கு, இறைச்சி துண்டுக் கணக்கு. குழம்பைவிட இறைச்சிதான் பில்லை ஏற்றும். ஆகவே துண்டு என்ன விலை என்று கேட்டுவிட்டுக் கை காட்டுங்கள். பொன்மோ என்பது மாட்டுத்தோல், ஷாக்கி என்பது மாட்டின் இரைப்பை. இரண்டும் இங்கே பதமாக வெந்திருக்கின்றன. பொன்மோவில் ரப்பர் போன்ற இழுவை இல்லை. ஷாக்கியின் மடிப்புகளுக்குள்ளும் சாறு இறங்கியிருக்கிறது. மாட்டிறைச்சித் துண்டுகள்தான் வறண்டு நார்நாராக இருக்கின்றன. வங்கிப் பரிமாற்றத்தில் பணம் கட்டினால், அவர்கள் போனில் 'அலெர்ட்' வரும்வரை தட்டு கைக்கு வராது. கூட்ட நேரத்தில் சில்லறை நோட்டு வைத்திருப்பதே நல்லது.

இனி அமலா. உலர்த்திய பெருவள்ளிக்கிழங்கை அரைத்த எலுபோ மாவில் கிண்டுவது. மாவு வெளிர் நிறத்தில்தான் இருக்கும், வெந்நீர் பட்டதும் கரும்பழுப்பாகிவிடும். ஒரு பங்கு மாவுக்குச் சுமார் இரண்டு பங்கு தண்ணீர். தண்ணீர் கொதித்ததும் தீயைத் தணித்து, மாவைக் கொட்டி, ஒமொரோகுன் என்ற மரத்துடுப்பால் சட்டியின் ஓரத்தில் அழுத்தி அழுத்திக் கிண்ட வேண்டும். பிறகு கொஞ்சம் வெந்நீர் தெளித்து மூடி, ஆவியில் விட்டு, மறுபடி ஒரு கிண்டு. இந்த இரண்டாவது கிண்டலை அவசரத்தில் விட்டுவிடும் கடைகளில்தான் கட்டி தட்டும். மாவின் வெளிப்புறம் வெந்து ஒட்டிக்கொள்ள, உள்ளே பச்சை மாவு தங்கிவிடுகிறது. இந்தக் கடை அமலாவில் விரல் வைத்தால் பட்டுப்போல் வழுக்குகிறது, கட்டி ஒன்றுகூட இல்லை. ஆறினால் மட்டும் மேலே தோல் கட்டி இறுகிவிடும். சுற்றிய உருண்டைகளைச் சூடு காக்கும் பெட்டியில் போட்டு வைக்கிறார்கள். பெட்டியின் அடியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம், முகம் சுளிக்காமல் தருகிறார்கள்.

அமலாவுக்குத் துணை அபுலா. மூன்று கரண்டி சேர்ந்தது அது: தோல் நீக்கிய பயற்றை வேகவைத்து மசித்த மஞ்சள் பெகிரி, சணல்கீரையைக் கடைந்த பச்சை எவெடு, நடுவே சிவப்பு மிளகாய்க் குழம்பு. தட்டில் மஞ்சளும் பச்சையும் பாதிப்பாதியாகப் பரவி, நடுவில் செம்பனை எண்ணெய் மினுங்கும் குழம்பு விழுகிற அந்தக் கணம் பார்க்கவே அழகு. எவெடுவை இஜாபே என்ற சின்னத் துடைப்பத்தால் சட்டிக்குள்ளேயே அடித்துத்தான் கடைகிறார்கள். மிக்சியில் அரைத்த எவெடு ஒரே பசையாக இருக்கும், இதில் கீரைத் துணுக்கு நாக்கில் தட்டுப்படுகிறது. வெண்டைக்காய்க் கொழகொழப்பு பிடிக்காதவர்களுக்கு இது ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறுபடி மறுபடி சூடாக்கினால் அந்தக் கொழகொழப்பு அறுந்து நீர்த்துவிடும். மதியம் இரண்டரைக்கு மேல் இங்கும் அந்தக் குறை தெரிகிறது. பெகிரி இன்னும் மோசம், லாகோஸ் வெயிலில் சீக்கிரம் புளித்து நுரைக்கும். அதனால்தான் இவர்கள் சின்னச் சட்டியில் வைத்து, தீர்ந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அது நல்ல பழக்கம், ஏமாற்றமாக இருந்தாலும்.

சாப்பிடும் விதம் ஒன்று இருக்கிறது. மேசைமேல் இருக்கும் கிண்ணத்து நீரில் வலதுகையைக் கழுவி, நெல்லிக்காய் அளவு கிள்ளி, கட்டைவிரலால் நடுவில் குழித்து, குழம்பை அள்ளி, விழுங்க வேண்டியதுதான். எவெடு நூலாக நீளும்போது மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றித் தட்டின் விளிம்பில் தொட்டால் நூல் அறுந்துவிடும். தெரியாவிட்டால் சட்டையில்தான் கோடு விழும். எதிரே இருப்பவர் கையைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம், நீள மேசையின் பெரிய லாபம் அதுதான். பக்கத்தில் சாப்பிடுபவர் 'எ வா ஜெயுன்' என்றால் 'வந்து சாப்பிடுங்கள்' என்று பொருள். அது மரியாதைச் சொல். நன்றி சொன்னால் போதும், அவர் தட்டில் கை வைக்கக் கூடாது. தண்ணீர்ப் பாட்டிலைக்கூட இடதுகையால் நீட்டாதீர்கள், மூத்தவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

காரம் 'அத்தா ரோடோ' என்ற உருண்டை மிளகாயினுடையது. முதல் வாயில் பழவாசனை மட்டும் தெரியும், நான்காவது வாயில்தான் தொண்டையைப் பிடிக்கும். நம் மிளகாய்த்தூள் கணக்கை வைத்துக்கொண்டு தைரியமாக இறங்க வேண்டாம். குழம்பை முதலில் அரைக் கரண்டி மட்டும் கேளுங்கள்.

எகூசி (பூசணி இனத்து விதையை அரைத்து வைப்பது) சுமார்தான். விதை போதுமான அளவு எண்ணெயில் வதங்காததால் பச்சை வாசனை தங்கிவிட்டது. ஆனால் அதில் கிடக்கும் ஒக்போரோகோ அருமை. அது நார்வேயின் உலர்மீன். 1967-70 உள்நாட்டுப் போரின்போது நிவாரணமாகவும் ஏராளமாக வந்தது. ஜாலஃப் பெட்டியிலேயே மணிக்கணக்கில் கிடந்து குழைந்திருக்கிறது, விறகடுப்பு ஜாலஃபின் அடிப்புகை மணமும் இல்லை. பொரித்த வாழைப்பழமான டோடோவை அதற்குப் பதில் வாங்கலாம்.

சைவர்கள் கவனிக்க வேண்டும். கீரைக் குழம்பான எஃபோ ரீரோ, எகூசி இரண்டிலுமே உலர்ந்த இறால்பொடி விழும். எவெடுவிலும் சிலர் போடுவார்கள். ஜாலஃப் பெரும்பாலும் இறைச்சி வேகவைத்த நீரில்தான் வேகும். இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் சட்டி சட்டியாகக் கேட்டே வாங்குங்கள். டோடோ பொரிக்கும் எண்ணெயிலேயே மீனும் பொரிக்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பரிமாறும் இடத்தை ஒட்டிய பெஞ்சு வேண்டாம், வரிசையில் நிற்பவர்கள் முழங்கை இடிக்கும். உள்சுவர்ப் பக்கம் மின்விசிறி இருக்கிறது. பன்னிரண்டரைக்குள் போனால் எல்லாச் சட்டியும் நிறைந்திருக்கும். ஒரு மணி தாண்டிவிட்டால், பெகிரி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வரிசையில் நில்லுங்கள்.