சிவப்பிறைச்சிக்கு மாற்றாகத் தாவரக் கொத்துக்கறி: ஒரு மதிப்பீடு

உணவில் இறைச்சியைக் குறைப்பது உடலுக்கும் சுற்றுச்சூழலுக்கும் நல்லதா என்று எங்கள் வீட்டில் நீண்ட காலமாகப் பேசிவருகிறோம். பேச்சோடு நின்றுவிடாமல் அதைச் சமையலறையில் சோதித்துப் பார்க்கும் எண்ணத்தில், பட்டாணிப் புரதத்தால் செய்த தாவர இறைச்சியையும் சோயாப் புரதத்தால் செய்ததையும், கொத்துக்கறி, பர்கருக்கான வட்டத் துண்டு, சாசேஜ் ஆகிய மூன்று வடிவங்களிலும் வாங்கிச் சமைத்து உண்டோம். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிவப்பிறைச்சியை, அதாவது மாட்டிறைச்சியையோ ஆட்டிறைச்சியையோ, வாரத்தில் பலமுறை உண்ணும் வீட்டுக்குத் தாவரக் கொத்துக்கறி உண்மையிலேயே பயன்படும். கோழியிறைச்சி மட்டும் உண்பவருக்கு அதன் பயன் குறைவு. பருப்பையும் பயறுகளையும் விரும்பி உண்பவருக்கு அது தேவையே இல்லை.

இது தயாராகும் முறையை அறிந்துகொண்டால் இதன் நிறைகுறைகள் எளிதில் விளங்கும். பட்டாணியையோ சோயாவையோ அரைத்து, அதிலுள்ள மாவுச்சத்தையும் நாரையும் பெரும்பாலும் நீக்கி, புரதத்தை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். அந்தப் புரதப் பொடியை நீருடன் கலந்து, எக்ஸ்ட்ரூடர் என்னும் இயந்திரத்துக்குள் வெப்பமும் அழுத்தமும் கொடுத்துத் திருகித் தள்ளும்போது, சுருண்டிருந்த புரத மூலக்கூறுகள் விரிந்து ஒரே திசையில் அடுக்கப்பட்டுத் தசை இழையைப் போன்ற அமைப்பைப் பெறுகின்றன. கொழுப்புக்குத் தேங்காய் எண்ணெய் போன்றவையும், நிறத்துக்குப் பீட்ரூட் சாறும், பிணைப்புக்கு மெத்தில் செல்லுலோஸும், சுவைக்கு உப்பும் ஈஸ்ட் சாரமும் பெரும்பாலும் சேர்க்கப்படுகின்றன.

சமையலைப் பொறுத்தவரை கொத்துக்கறி வடிவமே மூன்றிலும் சிறந்தது. பொதியைப் பிரித்தவுடன் பட்டாணி வகையிலிருந்து வேகாத பயற்றின் வாடை சற்றுத் தூக்கலாக எழும். சோயா வகையில் அது குறைவு. அந்த வாடைக்கு அஞ்ச வேண்டியதில்லை, ஏனெனில் வெங்காயமும் பூண்டும் நன்றாக வதங்கிய பிறகு இதைச் சேர்த்து, சிறிது புளிப்பும் மிளகும் கூட்டினால் வாடை முழுவதுமாக அடங்கிவிடுகிறது. தேங்காய் எண்ணெய் மிகக் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடுவதால் சட்டியில் தனியாக எண்ணெய் ஊற்றத் தேவையில்லை. ஊற்றினால் உணவு பிசுபிசுப்பாகிவிடும். இறைச்சியைப் போல நீர் விட்டுச் சுண்டும் கட்டம் இதற்கு இல்லை என்பதால் விரைவில் சிவந்து, கவனம் தவறினால் அடிபிடித்துவிடும். நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் இழை தளர்ந்து குழைந்துவிடுவதால், குழம்பு கொதித்து முடியும் தறுவாயில் இதைச் சேர்ப்பதே சரி. உப்பை மட்டும் இறுதியில், சுவை பார்த்த பின்னரே போட வேண்டும், ஏனெனில் பொருளிலேயே உப்பு இருக்கிறது. இவ்வாறு சமைத்துத் தக்காளியோடும் மசாலாவோடும் சேர்த்துப் பரிமாறியபோது, இறைச்சியில் மிகுந்த விருப்பமுள்ளவர்களும் குறையின்றி உண்டார்கள்.

வட்டத் துண்டு அந்த அளவுக்கு வெற்றி பெறவில்லை. மசாலாவோ குழம்போ மறைக்காத நிலையில் அதன் சுவை தனித்து நிற்க வேண்டியிருக்கிறது; முதல் சில கவளங்களுக்குப் பிறகு ஒரே சீரான மென்மை சலிப்பூட்டுகிறது. மெத்தில் செல்லுலோஸ் சூட்டில் இறுகி, ஆறியதும் இளகும் தன்மையுடையது என்பதால், அடுப்பிலிருந்து எடுத்தவுடன் கெட்டியாக இருக்கும் துண்டு ஆறிய பிறகு கொழகொழப்பாகிவிடுகிறது. ஆகவே இதைச் சூடாக உண்ண வேண்டும். கட்டிக்கொண்டு போய்ப் பிற்பகலில் உண்பதற்கு இது ஏற்றதன்று.

உடல்நலக் கணக்கு சற்றுச் சிக்கலானது. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 113 கிராம் துண்டுகளில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது, இறைச்சியில் அறவே இல்லாத நார்ச்சத்தும் சில கிராம் கிடைக்கிறது, கொலஸ்ட்ரால் இல்லை. ஆனால் அதே துண்டில் 300 முதல் 400 மில்லிகிராம் வரை சோடியம் இருக்கிறது. உப்பிடாத மாட்டுக் கொத்துக்கறியில் இருப்பதைப் போல இது பல மடங்கு. ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியமே வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை என்பதை நினைத்தால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பொதியைப் படிக்காமல் வாங்கக் கூடாது என்பது புரியும். தேங்காய் எண்ணெய் மிகுந்த வகைகளில், இரத்தக் கொலஸ்ட்ராலை உயர்த்தும் நிறைவுற்ற கொழுப்பும் கொழுத்த இறைச்சிக்கு அருகில் வந்துவிடுகிறது. தாவரத்திலிருந்து வந்தது என்பதற்காக மட்டும் ஒரு கொழுப்பு நற்பெயர் பெற்றுவிடாது.

பலமுறை தொழிற்சாலையில் பதப்படுத்தப்பட்ட பொருள் எப்படி இயற்கையான இறைச்சியைவிட நல்லதாகும் என்று எங்கள் வீட்டிலேயே ஒரு கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான், ஆனால் பதப்படுத்துதல் எல்லாம் ஒன்றல்ல. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015ஆம் ஆண்டு பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவிலும், சிவப்பிறைச்சியை உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் பிரிவிலும் வைத்தது. நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பது பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பை 18 விழுக்காடு உயர்த்துகிறது என்பது அது எடுத்துக்காட்டிய அளவு. புகையிலையும் அதே முதல் பிரிவில் இருக்கிறது என்பதால் இரண்டும் ஒரே அளவு தீங்கானவை என்று பொருளல்ல. அப்பிரிவு சான்றின் உறுதியைக் குறிக்கிறதே தவிர ஆபத்தின் அளவை அல்ல. அங்கே ஐயத்துக்குரியவை இறைச்சியைப் பதப்படுத்தச் சேர்க்கும் நைட்ரைட் உப்பும், குடலில் உருவாகும் நைட்ரோசோ என்னும் வகைச் சேர்மங்களும், இறைச்சிக்குச் சிவப்பு நிறம் தரும் இரும்புச் சேர்மமான ஹீமும் ஆகும். பட்டாணிக் கொத்துக்கறியில் ஹீம் இல்லை. ஒரு சோயா வகையில் மட்டும், மரபணு மாற்றிய ஈஸ்ட் மூலம் உருவாக்கிய ஹீம் புரதம் இரத்தச் சிவப்புக்கும் இறைச்சி மணத்துக்கும் சேர்க்கப்படுகிறது. சுவையில் அது முன்னிற்கிறது என்பதை மறுக்க முடியாது, ஆனால் சிவப்பிறைச்சியைக் குறைக்கும் நோக்கத்தோடு வாங்குபவன் என்ற முறையில் நான் பட்டாணி வகையையே தேர்ந்தெடுக்கிறேன்.

நேரடிச் சோதனைகளில் குறிப்பிடத்தக்கது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு. அதில் 36 பேர் 8 வாரங்கள் தாவர இறைச்சியையும் 8 வாரங்கள் விலங்கு இறைச்சியையும் மாற்றி மாற்றி உண்டனர். தாவர இறைச்சி உண்ட காலத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலும் உடல் எடையும் சற்றுக் குறைந்திருந்தன. இரத்த அழுத்தத்தில் வேறுபாடு காணப்படவில்லை. தாவர இறைச்சி தயாரிக்கும் நிறுவனமொன்றின் நிதியுதவியுடன் நடந்த சிறிய ஆய்வு அது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

சுற்றுச்சூழல் பக்கத்தில்தான் இப்பொருளின் நியாயம் வலுவாக இருக்கிறது. ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் ஆகியோர் 119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளின் தரவைத் திரட்டி 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, 100 கிராம் புரதத்துக்கு, இறைச்சிக்காகவே வளர்க்கப்படும் மாடுகளால் சராசரியாக 50 கிலோ கரியமில வாயுவுக்கு நிகரான உமிழ்வும், ஆட்டிறைச்சியால் ஏறத்தாழ 20 கிலோவும், கோழியால் 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவும், பட்டாணியால் அரைக் கிலோவுக்கும் குறைவாகவும் வெளியாகின்றன. அசைபோடும் விலங்குகளின் இரைப்பையில் உருவாகும் மீத்தேனும், மேய்ச்சலுக்கும் தீவனத்துக்கும் ஆகும் நிலமும் இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணங்கள். மீத்தேன் காற்றில் ஏறத்தாழ 12 ஆண்டுகளே நிலைப்பதால், அதைக் குறைப்பதன் பலன் நம் வாழ்நாளிலேயே தெரியும் என்பது எனக்கு ஆறுதலளிக்கும் செய்தி. தயாரிப்பு நிறுவனம் ஒன்றின் கோரிக்கையில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2018ஆம் ஆண்டு செய்த கணக்கீட்டில், பட்டாணித் துண்டின் உமிழ்வு மாட்டிறைச்சித் துண்டினுடையதைவிட 90 விழுக்காடு குறைவு. ஆற்றல் செலவு மட்டும் பாதியளவுக்குக்கூடக் குறையவில்லை. பிரித்தெடுத்தல், குளிரூட்டல் ஆகியவற்றுக்கான செலவு அதில் தெரிகிறது. அதனால்தான் கோழிக்குப் பதிலாக இதை உண்பவருக்குக் கிடைக்கும் சுற்றுச்சூழல் பயன் சிறிது என்றும், வேகவைத்த பயற்றுக்குப் பதிலாக உண்பவருக்கு அது எதிர்த்திசையில் போகிறது என்றும் கூறுகிறேன்.

குறைகளில் இன்னும் சில முக்கியமானவை. வைட்டமின் பி12 தாவரங்களில் நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. எல்லா நிறுவனங்களும் அதைச் சேர்ப்பதில்லை. தாவர இரும்பு உடலில் ஏறுவது குறைவு என்பதால் வைட்டமின் சி மிகுந்த காயோ பழமோ உடன் உண்பதும், உணவோடு தேநீர் அருந்தாதிருப்பதும் நல்லது. இறைச்சியை அறவே விடுபவர்கள், கருவுற்றவர்கள், வளரும் குழந்தைகள் ஆகியோருக்கு இதை மட்டும் நம்பி உணவுத் திட்டம் வகுப்பது சரியன்று. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சில வேளைகளில் பட்டாணிப் புரதமும் ஒவ்வாமல் போகலாம். விலையும் பல இடங்களில் இறைச்சியைவிடக் கூடுதலாகவே இருக்கிறது.

அந்தக் கூடுதல் செலவைத் தாங்க எங்கள் வீட்டில் கண்ட வழி, கொத்துக்கறி சமைக்கும்போது பாதி இறைச்சியும் பாதி தாவரக் கொத்துக்கறியுமாகக் கலப்பது. இறைச்சியின் மணம் முழுவதையும் பிடித்துக்கொள்வதால் இரண்டும் பிரித்தறிய முடியாதபடி சேர்ந்துவிடுகின்றன; உமிழ்வும் கிட்டத்தட்ட பாதியாகிறது; உப்பின் அளவும் கட்டுக்குள் இருக்கிறது. சில நாட்களில் இறைச்சியோடு இதற்குப் பதிலாக வேகவைத்த பயற்றையே கலந்தும் பார்த்தோம். இழை இல்லாவிட்டாலும் சுவை குறையவில்லை. மற்ற இரண்டு வடிவங்களைவிட உப்பும் கொழுப்பும் மிகுந்த சாசேஜை இனி வாங்கப் போவதில்லை. உப்புக் குறைந்த, பி12 சேர்க்கப்பட்ட பட்டாணிக் கொத்துக்கறியைத் தொடர்ந்து வாங்குவேன்.