ஆர்மி அணி: ஷாட்கனா, பழைய ஆப்ஷனா?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியின் ஆர்மி அணி ஷாட்கன், ஆப்ஷன் என்ற இரண்டு தாக்குதல் முறைகளையும் ஆடிப் பார்த்துவிட்டது. அடுத்த சீசனுக்கு எது?

பழைய ஆப்ஷன் நம்பியிருந்தது, எதிரணி ஆட்டக்காரரை இடுப்புக்குக் கீழே தடுக்கும் உத்தியை. 2022-இல் அதற்கு விதி வந்து கட்டுப்பாடு போட்டது. அதனால் 2023-இல் பயிற்சியாளர் ஜெஃப் மான்கன் ஷாட்கனுக்கு மாறினார். அதில் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் சில அடி பின்னால் நின்று பந்தை வாங்குவார். பாஸ் போட நேரம் கிடைக்கும். ஆனால் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியான எல்எஸ்யூவிடம் 62-0 என்று தோற்றதும் அந்த வருஷம்தான். முடிவில் 6 வெற்றி, 6 தோல்வி.

பழைய ஆப்ஷன் முறையில் குவாட்டர்பேக், பந்தைப் பின்னால் எடுத்துத் தரும் சென்டரை ஒட்டி நின்றே பந்தை வாங்குவார். எதிரணி டிஃபென்டர் ஒருவரை வேண்டுமென்றே தடுக்காமல் விடுவார்கள். அவர் உள்ளே பாய்ந்தால் குவாட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு தானே ஓடலாம். வெளியே காத்திருந்தால் நடுவில் மோதி ஓடும் ஃபுல்பேக்கிடம் கொடுத்துவிடலாம். மூன்றாவது வழி, ஓரமாக ஓடிவரும் இன்னொருவருக்கு வீசுவது. எல்லாம் ஒரு நொடிக்குள். ராணுவ உடல் எடை விதிகளால் இவர்களிடம் முன்வரிசையில் நின்று தடுக்கும் மலை போன்ற லைன்மேன்கள் கிடையாது. இந்த முறைக்கு அவர்கள் தேவையும் இல்லை.

2024-இல் ஆப்ஷனுக்குத் திரும்பி வந்தார்கள்: 12 வெற்றி, 2 தோல்வி, முதல் கான்ஃபரன்ஸ் (அணிக் குழு) பட்டம், குவாட்டர்பேக் பிரைசன் டெய்லி மட்டும் ஓடியே 32 டச்டவுன் (பந்தோடு எதிரணி எல்லைக்கோட்டைத் தொடுவது). டெய்லி போன்ற ஒருவர் எல்லா வருஷமும் வரமாட்டார், சரி. இருந்தாலும் என் ஓட்டு பழைய ஆப்ஷனுக்கே. 10 புள்ளி பின்தங்கிவிட்டால் மட்டும் ஷாட்கனை எடுக்கட்டும்.